ஓய்வு என்னும் பழைய மருந்து: இடுப்பு மூட்டுத் தேய்மானமும் நம் துறைமுகத்துப் பெரியவர்களும்



காலை ஏழேகால் மணிக்குப் போர்ட் கிள்ளானில் எங்கள் பள்ளி வாயிலில் நின்றால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பேரப்பிள்ளையின் புத்தகப் பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு தாத்தாக்களும் பாட்டிமார்களும் வருவார்கள். அவர்களுள் சிலர் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் அந்தத் தாத்தா வரமாட்டார். பிள்ளை பள்ளி வேனில் வந்து இறங்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டால், "அப்பாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதாம், சார். இனி எங்கும் நடக்க வேண்டாம், வீட்டிலேயே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டோம்" என்பார்கள்.

அன்பினால் சொல்லப்படும் சொற்கள்தாம் இவை. நானும் 2002ஆம் ஆண்டில் இதே சொற்களை என் தந்தையாரிடம் சொன்னவன். அது பிழையென்று அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. மூட்டு வலிக்கு ஓய்வே மருந்து என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? மருத்துவ உலகம் அதை எவ்வாறு விட்டு விலகியது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன், ஆசிரியன். படித்தறிந்ததை எடுத்துச் சொல்வது என் தொழில்.

துறைமுகமும் சுமையும்

நம் ஊர் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தின்மேல் எழுந்த துறைமுகம் இது. திறந்த சில மாதங்களுக்குள்ளேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனதால், துறைமுகத்தையே மூட வேண்டிய நிலை வந்தது. அப்போது கிள்ளானில் அரசு மருத்துவராகப் பணியேற்றிருந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல். நான்கே ஆண்டுகளில் வாட்சன் அந்த அறிவை இங்கே செயலாக்கினார். சதுப்பு நிலத்து நீரை வடித்தார், கால்வாய்கள் வெட்டுவித்தார், காட்டை அழித்தார். நோய் வெகுவாகக் குறைந்தது. துறைமுகம் பிழைத்தது. புதிய அறிவு நம் ஊருக்கு விரைந்து வந்து சேர்ந்த நிகழ்ச்சி இது. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

பிழைத்த துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களுள் நம்மவர் மிகுதி. 1963ஆம் ஆண்டில் துறைமுக ஆணையம் அமையும்வரை ரயில்வே நிர்வாகமே துறைமுகத்தையும் நடத்தியது. என் பாட்டனார் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இங்கே இறங்கியவர். தந்தையார் 1956இல் துறைமுக வேலையில் சேர்ந்தார். அரிசி, சர்க்கரை, சிமெண்டு என எல்லாம் மூட்டையாகவே வந்த காலம் அது. ஒரு பிக்குல் எடை, அதாவது ஏறத்தாழ 60 கிலோ, முதுகில் ஏறுவது அன்றாட வழக்கம் என்பார். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1967இல்தான், வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கத்தக்க உச்ச எடை 55 கிலோ என்று பரிந்துரைத்தது. 1972இல் ஊரின் பெயர் போர்ட் கிள்ளான் என்று மாறியது. 1973இல் கொள்கலன் முனையம் வந்தது. மூட்டைகள் இரும்புப் பெட்டிக்குள் போயின, பாரந்தூக்கி அவற்றைத் தூக்கியது. ஆயினும் அதற்குமுன் தூக்கியவர்களின் உடலில் அந்தச் சுமை தங்கிவிட்டது.

இதை உணர்ச்சிவயப்பட்டு எழுதவில்லை. 1992இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வொன்று, நெடுங்காலம் உழவுத்தொழில் செய்தோரிடம் இடுப்பு மூட்டுத் தேய்மானம் மற்றவர்களைவிட மிக அதிகமாகக் காணப்படுவதைக் காட்டியது. அதன்பின் வந்த ஆய்வுகள் பலவும், பல்லாண்டுகள் பளு தூக்குவதற்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்றே சொல்கின்றன. பளு தூக்கிய எல்லாருக்கும் இந்நோய் வரும் என்பதில்லை. பரம்பரை, உடல் எடை, அகவை, பழைய காயம் ஆகியவையும் காரணமாகலாம்.

இடுப்பு என்ற ஒரு சொல்

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் 'இடுப்பு' என்னும் ஒரே சொல்லால் பல இடங்களைக் குறிக்கிறோம். சேலை செருகுவதும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைப்பதும் இடுப்பு, முதுகின் அடிப்பகுதி வலித்தாலும் இடுப்பு வலி. மருத்துவர் சொல்லும் இடுப்பு மூட்டு இவற்றுள் எதுவும் அன்று. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்துக்குள் பொருந்திச் சுழலும் இடமே அது. அந்த மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் தொடையும் அடிவயிறும் சேரும் கவட்டைப் பகுதியில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். என் தந்தையார் பல மாதங்கள் முழங்காலுக்கே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உருண்டையின் மேலும் கிண்ணத்தின் உள்ளும் வழுவழுப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கும். அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் ஊறும் நீரிலிருந்துதான் அது தன் உணவைப் பெறுகிறது. கால் ஊன்றும்போது அழுந்தியும் தூக்கும்போது விரிந்தும் அந்த நீரை அது மாற்றிக்கொள்கிறது. ஆகவே அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு என்றே சொல்லலாம்.

அடுத்தது தசை. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இடுப்பின் பக்கவாட்டில் உள்ள பிட்டத் தசைகள். பெர்லின் மருத்துவர்கள் செயற்கை மூட்டுக்குள் அளவுகருவி பொருத்தி அளந்தபோது, இயல்பான நடையில் இடுப்பு மூட்டின்மேல் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுவது தெரிந்தது. அந்த விசையைத் தாங்கிப் பகிரவேண்டிய தசை மெலிந்துவிட்டால் மனிதர் சாய்ந்து நடப்பார். பள்ளி வாயிலில் நான் காணும் சாய்ந்த நடையில் வலியும் உண்டு, தசை மெலிவும் உண்டு. உட்கார்ந்தே இருந்தால் அந்தத் தசை மேலும் மெலியும்.

வேறொரு நோயின் மருந்து

அப்படியானால் ஓய்வு என்னும் அறிவுரை எப்படி வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூல் துறைமுக நகரில் ஹியூ ஓவன் தாமஸ் என்னும் மருத்துவர் இருந்தார். கப்பல் தொழிலாளர்களுக்கும் ஏழைகளுக்கும் மருத்துவம் பார்த்தவர். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்களைப் பற்றி 1875இல் அவர் நூல் வெளியிட்டார். நீண்ட, முழுமையான, இடைவிடாத ஓய்வே மூட்டுக்கு மருந்து என்பது அவர் கொள்கை. அசையாமல் பிடித்து வைக்கும் கட்டுக்கோல்களையும் அவரே வடிவமைத்தார்.

அவர் காலத்தில் இடுப்பு மூட்டு நோய் என்றால் பெரும்பாலும் காசநோய்க் கிருமி மூட்டைத் தாக்குவது. அதற்கு அன்று மருந்து கிடையாது. ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். ஆகவே கிருமி தாக்கிய மூட்டை அசையாமல் வைத்தது அந்த நோய்க்குத் தகுந்த வழியே. காசநோய் குறைந்தது, மருந்து வந்தது, மக்கள் நெடுங்காலம் வாழத் தொடங்கினர். மூட்டுத் தேய்மானம் முன்னுக்கு வந்தது. நோய் மாறியும் மூட்டு வலித்தால் படு என்னும் அறிவுரை மட்டும் மாறவில்லை.

நம் குடும்பங்களிலும் இதே கதைதான். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவருக்கும், நாளெல்லாம் மூட்டை சுமந்தவருக்கும் ஓய்வுதான் கிடைக்காத செல்வம். அவர்களுக்குப் பிள்ளைகள் தரக்கூடிய மிகப் பெரிய பரிசு ஒரு சாய்வு நாற்காலி. சுமை தூக்கும் வாழ்க்கைக்கு ஓய்வு சரியான மருந்தே. சுமை நின்றுபோன வாழ்க்கைக்கும் அதையே கொடுத்தோம்.

என் தந்தையார் நாள்தோறும் கோயில்வரை நடந்து, திரும்பும் வழியில் காப்பிக் கடையில் நண்பர்களோடு அமர்ந்து வருவார். வலி கூடியதும் ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்கச் சொன்னார்கள். நான் அதை ஒருபடி கூட்டினேன். கோயிலுக்குக் காரில் கூட்டிச்சென்றேன், காப்பியை வீட்டுக்கே வாங்கி வந்தேன். சாய்வு நாற்காலியும் வாங்கினேன். இரண்டே ஆண்டுகளில், வீட்டின் முன்னுள்ள சிறு கால்வாயை, லோங்காங் என்கிறோமே, அதைத் தாண்டிச் சாலைக்கு வர அவரால் இயலவில்லை. 60 கிலோ சுமந்து பலகைப் பாலத்தில் ஏறியவர் ஒன்றரை அடிக் கால்வாயின் முன் நின்றுவிட்டார். 2006இல் காலமாகும்வரை அவர் அதைத் தாண்டவே இல்லை.

தேய்ப்பதிலிருந்து அசைப்பதற்கு

உடற்பயிற்சியை மருத்துவமாக்கும் முயற்சி புதிதன்று. சுவீடனில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவி, நோயாளிகளுக்கான பயிற்சிகளையும் வகுத்தார். லண்டனில் 1894இல் நான்கு தாதியர் சேர்ந்து உடல்பிடிப்பாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அச்சங்கமே 1920இல் உடல்பிடிப்பும் மருத்துவ உடற்பயிற்சியும் என்னும் பெயர் பெற்று, 1944இல் இயன்முறை மருத்துவச் சங்கமாயிற்று. பெயர் மாறிய வரிசையே ஒரு வரலாறு. பிறர் தேய்த்துவிடும் சிகிச்சையாகத் தொடங்கியது, நோயாளி தானே அசையும் சிகிச்சையாக வளர்ந்தது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சென்றவர்கள் அங்குள்ள பார்வையற்றோரின் உடல்பிடிப்பு நிலையங்களை அறிவார்கள். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்குதான் இருக்கிறது. கைத்திறன் மிக்கவர்கள் அவர்கள். அவர்களிடம் சென்று வந்தால் வலி தளர்வது உண்மை. ஆனால் தசைக்கு வலு ஏற்ற வேண்டுமானால் அந்தத் தசைக்கு உரியவரே உழைக்க வேண்டும். பிறர் எழுதிக்கொடுத்த வீட்டுப்பாடத்தால் மாணவன் தேர்ச்சி அடைவதில்லை.

1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் லண்டன் மருத்துவர், படுக்கையில் கிடப்பதால் வரும் கேடுகளைப் பட்டியலிட்டு ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். இரத்தம் கட்டுதல், தசை மெலிதல், எலும்பு வலுவிழத்தல் என நீளும் அந்தப் பட்டியல் மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தது. 1956இல் வால்டர் பிளவுன்ட் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர் கைத்தடியின் பெருமையை எடுத்துரைத்தார். வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் தடியைப் பிடித்தால் மூட்டின்மேல் விழும் விசை பெரிதும் குறையும். நம் பெரியவர்கள் பலர் வலிக்கும் பக்கத்திலேயே தடியைப் பிடிக்கிறார்கள். இன்று மாலையே வீட்டில் கவனித்துப் பாருங்கள்.

1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி தம் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். நடக்க முடியாமல் கிடந்தவர்களை நடக்க வைத்த அரும்பணி அது. அதன் வெற்றியொளியில் பயிற்சி மருத்துவம் மங்கித் தெரிந்தது. மூட்டு முற்றும் தேயும்வரை வலி மாத்திரை, அதன்பின் அறுவை என்பதே பலருக்கும் பாதையாயிற்று.

சோதனைகள் சொல்வது

பயிற்சி உண்மையிலேயே பயன் தருமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தது அண்மைக் காலத்தில்தான். 1998இல் நெதர்லாந்தில், இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் உடைய ஏறத்தாழ 200 பேரிடம் நடந்த சோதனையில், பயிற்சி செய்தோருக்கு வலி குறைந்தது. 2014இல் காக்ரேன் அமைப்பு இடுப்பு மூட்டைப் பற்றிய 10 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. 100க்கு அளவிடும் வலிக்கணக்கில் பயிற்சியால் ஏறத்தாழ 8 புள்ளிகள் குறைந்தன. பயிற்சி முடிந்த பின்னும் 3 முதல் 6 மாதங்கள்வரை பயன் நீடித்தது. பெரிய மாயம் இல்லை, மிதமான நன்மை. அதற்கு ஈடாகக் கேடு மிகக் குறைவு.

நார்வே நாட்டில் 109 பேரை ஆறாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஒரு சாராருக்கு நோய்பற்றிய விளக்கம் மட்டும், மற்றவருக்கு விளக்கத்தோடு 12 வாரப் பயிற்சி. விளக்கம் மட்டும் பெற்றோர் அறுவைக்குச் செல்லும் இடைநிலைக் காலம் 3.5 ஆண்டுகள், பயிற்சியும் பெற்றோருக்கு 5.4 ஆண்டுகள். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ஒரு திட்டம், இரண்டு விளக்க வகுப்புகளையும் வாரம் இருமுறையாக ஆறு வாரப் பயிற்சியையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது.

எதிர்ச்சான்றையும் மறைக்கலாகாது. 2014இல் ஆஸ்திரேலியாவில் 102 பேரிடம் நடந்த சோதனையில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெயரளவுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2024இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு, மூட்டு மிக மோசமாகத் தேய்ந்தவர்களுக்கு வலுப்பயிற்சியைவிட மாற்று மூட்டு அறுவையே மிகுந்த நன்மை தந்ததைத் தெளிவாகக் காட்டியது. எனவே பயிற்சி என்பது அறுவைக்கு எதிரி அன்று. முதற்படியில் செய்ய வேண்டியது பயிற்சி. அது போதாதபோது அறுவைக்கு அஞ்சித் தள்ளிப்போடுவதும் பிழையே.

நம் நாட்டில்

நம் சுகாதார அமைச்சு 2013இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மானத்துக்கான மருத்துவ வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பிலும் உடற்பயிற்சி பரிந்துரைக்கப்பட்டுள்ளது. 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலர் சட்டம் இயன்முறை மருத்துவர்களையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கும்போது, "ஃபிசியோதெரபிக்கு எழுதித் தருவீர்களா?" என்று நாமே கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

ஆசியர்களுக்கு இந்நோய் குறைவென்பதும் உண்மை. 2002இல் வந்த ஆய்வின்படி, பெய்ஜிங் முதியோரிடம் இடுப்பு மூட்டுத் தேய்மானம் அமெரிக்க வெள்ளையரைவிட 80 முதல் 90 விழுக்காடு குறைவு. நம்மவரிடமும் முழங்கால் தேய்மானமே மிகுதி. ஆகவே நம்மவருக்கு இடுப்பு மூட்டு கெட்டால் வேறு காரணம் உண்டா என்று பார்ப்பது நன்று. பழைய எலும்பு முறிவு, பிறவிக் குறை, இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தொடை எலும்பின் தலை நலிதல் ஆகியவை அவற்றுள் சில. இறுதியில் சொன்னதற்கு நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வதும் ஒரு காரணம். பதிவு பெறாத மூட்டுவலிப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. பாசார் மாலத்தில் வாங்கிய மாத்திரையால் ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்று பாட்டி சொன்னால், மகிழாதீர்கள், ஐயுறுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலில் மருத்துவரிடம் காட்டி நோய் இன்னதென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். விழுந்த பின் வந்த வலி, கால் ஊன்ற முடியாமை, காய்ச்சலோடு கூடிய வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருந்தால் பயிற்சி வேண்டா, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லையெனில் இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிகள் எளியவையே. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குதல். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல். ஒரு படி ஏறி இறங்குதல். இவற்றோடு நடை. பயிற்சியின்போது சிறிது வலி தோன்றுவது இயல்பு. 0 முதல் 10 வரையுள்ள கணக்கில் 5க்கு மேற்படாமலும், மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்புவதாகவும் இருந்தால் அஞ்ச வேண்டா. மேற்பட்டால் அளவைக் குறைக்க வேண்டும், அடியோடு நிறுத்திவிடக் கூடாது.

எந்தப் பயிற்சியும் தொடர்ந்து செய்தால்தான் பயன். அங்கேதான் நம் பிள்ளைகள் துணை நிற்கலாம். என் வகுப்பு மாணவர் சிலரிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். மாலையில் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து அமரும்போது, ஒவ்வொரு தடவைக்கும் வாய்ப்பாட்டில் ஓர் அடி சொல்ல வேண்டும். ஓரிரண்டு இரண்டு என்றால் ஒருமுறை எழுவார், ஈரிரண்டு நான்கு என்றால் மறுமுறை. முதல் வாரம் ஐந்தாம் அடியோடு நிற்கட்டும். பத்தாம் அடிவரை தாத்தா எழுந்துவிட்டால் இருவருமே தேர்ச்சி.

செகந்தராபாத்தில் கண்ட உண்மை இத்துறைமுகத்தை வந்தடைய நான்கு ஆண்டுகள் போதுமாயிருந்தன. மூட்டுக்கு அசைவே உணவு என்னும் உண்மையோ இன்னும் நம் வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டு சேர்க்க மால்கம் வாட்சன் வேண்டியதில்லை. பேரப்பிள்ளையின் பையைத் தாத்தாவின் தோளிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நடையை மட்டும் அவரிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். நாளைக் காலையும் அவர் பள்ளி வாயில்வரை வரட்டும்.